கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் எதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். உங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. போன வருடம் கல்யாணமான தங்கை இப்போது கருவுற்றிருக்கிறாள். தினமும் இரவில் அவளுக்காக ஜெபிக்கிறீர்கள். வாய் "அவளை ஆசீர்வதியும்" என்கிறது, உள்ளே பொறாமை எரிகிறது. அது கடவுளுக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே ஜெபமே நடிப்பாகப் படுகிறது. இதிலிருந்து மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள். அவருக்குத் தெரிந்ததை எதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? இப்படிப்பட்டதைச் சொல்வது அவமரியாதை ஆகாதா? பொய்யாக ஜெபிப்பதைவிட ஜெபிக்காமலே இருந்துவிடலாமா? மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாத நான்காவது ஒன்று இருப்பதாகத் தோன்றியது: "இந்த மனதோடு அவர் முன்னால் உட்கார்ந்தால் என்னைத் தள்ளிவிடுவாரா?" இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் இறையியல் படித்தவன். படிப்பு முடிந்தபின் பல ஆண்டுகளாக, ஜெபிக்க முடியாமல் தவிப்பவர்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பதே என் ஊழியமாக இருந்துவருகிறது. நீங்கள் கிறிஸ்தவ நம்பிக்கையில் நின்று கேட்டிருக்கிறீர்கள், நானும் அங்கே நின்றுதான் பேசுகிறேன்.

தெரிந்தவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்பது மிகப் பழைய கேள்வி. மத்தேயு 6ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில், நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்கு எது தேவை என்று உங்கள் பிதா அறிந்திருக்கிறார் என்கிறார் இயேசு. நாமாக இருந்தால் "ஆகவே கேட்கத் தேவையில்லை" என்று முடித்திருப்போம். அவரோ அடுத்த வசனத்திலேயே "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார். இதற்கு முந்தைய வசனம் வீண்வார்த்தைகளை அலப்பாதிருங்கள் என்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: அவருக்கு எல்லாம் தெரியும் என்பதால் நாம் விடவேண்டியது அலப்பலைத்தான், கேட்பதை அல்ல. அவரை நம்பவைக்க வேண்டியதில்லை, விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அழகாகப் பேச வேண்டியதில்லை.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் பர்திமேயு என்ற பார்வையற்றவர் எரிகோவின் சாலையோரத்தில் உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறார். இயேசு போவதைக் கேள்விப்பட்டு "எனக்கு இரங்கும்" என்று கத்துகிறார். கூட்டம் அதட்டுகிறது, அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறார். அவருக்கு என்ன குறை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். இருந்தும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்கிறார். பிச்சை கேட்டுப் பழகிய வாய்க்கு "இரங்கும்" என்பது தினசரி வார்த்தை. அதற்குக் காசு என்றும் பொருள் கொள்ளலாம், கண் என்றும் கொள்ளலாம். கேள்வி வந்த பிறகுதான் "நான் பார்வையடைய வேண்டும்" என்ற சொல் அந்த வாயிலிருந்து வருகிறது. நம்முடைய ஜெபங்களில் பாதி அந்த முதல் "இரங்கும்" போன்றவை. தவறு ஒன்றுமில்லை, ஆனால் என்ன வேண்டும் என்பது இன்னும் வெளியே வரவில்லை.

தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் கடவுளை நோக்கியே எழுதிய பழங்காலத் திருச்சபையின் அகஸ்டின், 'அறிக்கைகள்' என்ற அந்த நூலின் பதினோராம் பகுதியின் தொடக்கத்தில் இதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறார். உமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றால் இதையெல்லாம் ஏன் வரிசையாகச் சொல்கிறேன் என்கிறார். உமக்குத் தெரிவிப்பதற்காக அல்ல, என் அன்பையும் இதைப் படிக்கிறவர்களின் அன்பையும் உம்மை நோக்கி எழுப்புவதற்காக என்பது அவர் தரும் பதில். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளரும் ஏறக்குறைய இதே தடத்தில், நம் தேவைகளைக் கடவுளுக்கு அறிவிக்க நாம் ஜெபிப்பதில்லை, அவருடைய உதவி நமக்குத் தேவை என்பதை நாமே உணரத்தான் ஜெபிக்கிறோம் என்று எழுதினார்.

இவர்கள் சொன்னது சரி. ஆனால் ஜெபத்தால் நமக்கு என்ன ஆகிறது என்பதோடு நிறுத்திவிட்டால், பேச்சின் மறுமுனையில் ஒருவர் இருக்கிறார் என்பது மறந்துபோகும். என் அனுபவத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, நாமாக மனம் வைத்து அவருக்குத் தெரியக் கொடுப்பது வேறு. முதலாவது நம் சம்மதம் இல்லாமலே நடந்துவிடுகிறது. இரண்டாவதுதான் உறவு. 139ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் வசனம் "நீர் என்னை ஆராய்ந்து அறிந்திருக்கிறீர்" என்று முடிந்துபோன காரியமாகச் சொல்கிறது. உட்காருவதும் எழுவதும் தெரியும், சொல் நாவில் வருமுன்னே தெரியும். பிறகு ஓட்டம்: உம்முடைய ஆவிக்கு மறைவாக எங்கே போவேன், உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்? வானம், பாதாளம், கடலின் கடைசி எல்லை, இருட்டு என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார். இதைப் பலர் ஆறுதலாக மட்டுமே வாசிக்கிறார்கள். எனக்கு அதில் மூச்சுமுட்டலும் கேட்கிறது. இருபத்து மூன்றாம் வசனத்தில் அதே ஆள் திரும்பி நின்று "என்னை ஆராய்ந்து என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்கிறார். முதல் வசனத்திலேயே நடந்துவிட்ட ஒன்றைக் கடைசியில் வேண்டிக்கேட்கிறார். இடைப்பட்ட வசனங்களில் கடவுள் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை. மாறியவர் ஜெபித்தவர். ஓடிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். உண்மையாக ஜெபிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த உட்காருதலுக்குச் சற்று முன்னால், 19 முதல் 22 வரையுள்ள வசனங்களில், அவர் தன் எதிரிகளை முழுப் பகையோடு வெறுக்கிறேன் என்று கடவுளிடம் சொல்கிறார். 1971இல் வெளிவரத் தொடங்கிய கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில், அதாவது நாள்தோறும் வேளைக்கு வேளை சொல்லும் ஜெபங்களின் நூலில், இந்த நான்கு வசனங்களும் விடப்பட்டன. 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுமையாகவே விடப்பட்டன. பொது வழிபாட்டில் சேர்ந்து சொல்லும்போது இவை மனதை உறுத்தும் என்பது காரணம், அதில் நியாயம் உண்டு. ஆனால் தனிமையில் ஜெபிக்கும் உங்களுக்கு நான் அவற்றை விடச் சொல்லமாட்டேன். வெறுப்பைக் கொட்டிய பிறகுதான் "என்னை ஆராய்ந்து பாரும்" என்பது வருகிறது. வெறுப்பை முன்னால் வைக்காமல் அந்தக் கடைசி வரியை மட்டும் சொன்னால், ஆராய்வதற்கு அங்கே என்ன இருக்கும்?

ஆகவே அவமரியாதையா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வேதம் மிகத் தெளிவாகவே பதில் சொல்கிறது. எரேமியா தன்னை ஏமாற்றிவிட்டதாகக் கடவுள் மேலேயே குற்றம் சாட்டுகிறார். 88ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு துதி வரி கூட இல்லை. யோபு கடவுளை வழக்குக்கே இழுக்கிறார். அவருடைய நண்பர்கள் கடவுளுக்காக வாதாடிப் பக்தியாகப் பேசுகிறார்கள். முடிவில் 42ஆம் அதிகாரத்தில் கடவுள் அந்த நண்பர்கள் மேல் கோபப்பட்டு, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபுவும் கண்டிக்கப்படாமல் இல்லை. நாலு அதிகாரம் சுழற்காற்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி. ஆனால் பேசியதற்காகத் தள்ளப்படவில்லை, பதில் கிடைத்தது. அந்த நண்பர்கள் கடவுளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், கடவுளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

தமிழில் இதைப் பேசும்போது சுந்தரரைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அது வேறு மரபு, அதன் இறையியலை நான் இங்கே கலக்கவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவரிடம் ஒளிக்கப் பார்ப்பதை அந்த வரலாறு சொல்லுமளவுக்கு வேறெங்கும் நான் படித்ததில்லை. சங்கிலியாரை மணப்பதற்காக, பிரியமாட்டேன் என்று சுந்தரர் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். பிரியத்தான் வேண்டியிருக்கும் என்றும் தெரியும். அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் நீர் மகிழ மரத்தடியில் போய் இரும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவன் சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிடுகிறார். பிறகு சுந்தரர் சொல்லை மீறித் திருவொற்றியூரைத் தாண்டியதும் பார்வை போகிறது. பார்வை முழுதாகத் திரும்பாத அந்த நாட்களில் அவர் பாடியவற்றில் பணிவு இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. உமக்கு மீளா அடிமையான எங்களுக்கு இந்தக் கதியென்றால் நீர் நன்றாக "வாழ்ந்து போதீரே" என்கிறார். தந்திரம் செய்தபோது இருந்த சாமர்த்தியம் இந்தப் பாட்டில் துளியும் இல்லை. அந்தக் கோபப் பாட்டைத் தேவாரத்தில் சேர்த்து நூற்றாண்டுகளாகப் பாடி வந்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்வதெல்லாம் உண்மையாக ஜெபிப்பது ஆகிவிடாது. லூக்கா 18இல் வரும் பரிசேயன் பொய் சொன்னதாக எங்கேயும் இல்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம், எல்லாம் செய்திருப்பான். ஆனால் அவன் சொன்ன எதிலும் அவன் இல்லை. பக்கத்தில் நின்ற ஆயக்காரனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்த பார்வை மட்டும் இருக்கிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. "நான் பாவி, நான் புழு, என்னைப்போல் கேவலமானவள் யாருமில்லை" என்று ஒரே மூச்சில் அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்க மிகவும் தாழ்மையாக இருக்கும். "சரி, இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் வராது. பொதுவாகப் பாவி என்று சொல்வது சுலபம். "தங்கையின் ஸ்கேன் படம் வாட்ஸ்அப்பில் வந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்" என்று சொல்வது கடினம். எது கடினமோ அங்கேதான் நீங்கள் இருக்கிறீர்கள்.

அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். "அப்பாவைச் சுகப்படுத்தும்" என்று தினமும் ஜெபித்துவந்தார். ஜெபம் மரத்துப்போய்விட்டது என்று வந்தார். நான் கேட்டேன், "ஆமென் சொன்னதும் மனசுல முதல்ல என்ன வருது?" நெடுநேரம் விரல் முட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "போய்ச் சேர்ந்துட்டா போதும்னு வருது ஐயா." அதைக் கடவுளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அதை எப்படி ஐயா அவர்கிட்ட..." என்று நிறுத்தினார். பிறகு கண்ணை மூடி மெதுவாகச் சொன்னார், "ஆண்டவரே, அப்பா போயிட்டா போதும்னு இருக்கு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இல்ல, அது இல்ல. எனக்குத் தூக்கம் வேணும். ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும்."

அப்பா சாக வேண்டும் என்பது அவருடைய விருப்பமே இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. முதல் வாக்கியத்தைச் சொல்லத் துணியாமல் இருந்திருந்தால் இரண்டாவது வந்திருக்காது. அந்த வாரமே தம்பியைக் கூப்பிட்டுச் சனி, ஞாயிறு இரவுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதுவரை கேட்கவில்லையாம், கேட்டால் அப்பாவைப் பாரம் என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று. அப்பாவின் உடல்நிலையில் எந்த மாற்றமும் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். இப்படி ஜெபித்தால் கடவுளின் மனம் மாறுமா? அக்வினாஸ் மாறாது என்பார், ஜெபத்தின் மூலம் தருவதென்று அவர் முன்பே நியமித்ததைத்தான் பெறுகிறோம் என்பார். ஆதியாகமம் 18இல் ஆபிரகாம் 50 நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை பேரம் பேசுவதையும், யாத்திராகமம் 32இல் மோசே மன்றாடியபின் கடவுள் பரிதாபங்கொண்டதையும் காட்டி மாறும் என்பவர்களும் இருக்கிறார்கள். என் சாய்வு அக்வினாஸ் பக்கம்தான், ஆனால் மோசேயின் பக்கங்களைப் படிக்கும்போது அந்தச் சாய்வு ஆட்டம் காணும். பொறாமையைச் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடுமா என்றால், அதற்கும் உத்தரவாதம் தரமாட்டேன். சிலருக்குக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன், சிலருக்குப் பல மாதங்கள் அப்படியே இருந்தது. சொன்னதும் நெஞ்சு லேசானால் அது கடவுளின் பதிலா, அடக்கிவைத்தது வெளியே வந்ததன் விளைவா என்று பிரித்துக் காட்ட எனக்கு வழியில்லை. ஆகவே லேசாக இருக்கிறதா என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்கு "எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா, ஒன்றை விட்டுவிட்டேனோ" என்ற அரிப்பு ஓயாது. ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவார்கள், சரியான வார்த்தையில் சொல்லவில்லை என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522 வாக்கில் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது இதில் மாட்டிக்கொண்டு தற்கொலை எண்ணம் வரை போனார். மிகத் தெளிவாகத் தெரிந்ததைத் தவிரப் பழைய பாவங்களை அறிக்கையிடாதே என்று அவருடைய பாவ அறிக்கையைக் கேட்ட குரு சொன்னார், ஆனால் இவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தன. இப்படிப்பட்டவருக்கு "இன்னும் ஆழமாகத் தோண்டிச் சொல்" என்பது நஞ்சு. கொஞ்சமாகச் சொல்லி நிறுத்துவதுதான் அவர்களுக்கு விசுவாசம். அது தீராமல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கவும் சொல்வேன், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. உங்கள் எழுத்தில் அந்தச் சாயல் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் இதற்கு மேல் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, ஜெபத்தையே நிறுத்திவிடலாமா என்பது. வேண்டாம் சகோதரி. பொறாமையோடு ஆசீர்வாதம் கேட்பது பொய் அல்ல. எரிகிற மனதையும் மீறி அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒன்று உங்களுக்குள் இருப்பதால்தான் தினமும் அங்கே போய் உட்காருகிறீர்கள். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும்" என்று ஒரு தகப்பன் இயேசுவிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், அவருடைய பிள்ளை குணமானான். நீங்கள் இதுவரை ஒரு பாதியை மட்டும் சொல்லி வந்திருக்கிறீர்கள், அதனால்தான் நடிப்பாகப் படுகிறது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். கெத்செமனேயில் இயேசுவின் ஜெபத்தில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்பது முதலில் வருகிறது, "என் சித்தமல்ல" என்பது அதற்குப் பிறகு. நாம் முதல் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். இன்று இரவு தங்கையைப் பற்றிச் சொல்லுமுன் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். எனக்கு ஏன் இல்லை, அவளைப் பார்க்க முடியவில்லை, உம்மேல் கோபமாக இருக்கிறது என்று எது உண்மையோ அதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக, முடிந்தால் சத்தமாக. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். இதைக் குடும்ப ஜெபத்தில் சொல்ல வேண்டாம். கடவுளிடம் சொன்னதாலேயே தங்கையிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். மனச்சாட்சி உறுத்துகிறது என்று அப்படிச் சொல்லி, கர்ப்பமாக இருக்கிற ஒருத்தி தலையில் இன்னொருவர் பாரத்தை இறக்கிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு தங்கைக்கு வாருங்கள். உங்களால் முழு மனதோடு எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவு மட்டும் கேளுங்கள். "அவள் சந்தோஷத்தைப் பெருகப்பண்ணும்" என்பது இன்று வராது என்றால் அதை விடுங்கள். "அவளுக்கு வலி அதிகம் இல்லாமல் பிரசவம் ஆகட்டும்" என்பது வருமா? வரும் என்றுதான் நினைக்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிரசவமாகும் நாளில் ஒரு வார்த்தையும் வராமல் போகலாம். உங்கள் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: "அன்னிக்கு என் தங்கைக்காக நீங்க ஜெபிச்சுக்குங்க, என்னால முடியுமான்னு தெரியல." காரணம் சொல்ல வேண்டியதில்லை.